எதற்கெல்லாம் என்னை எழுப்பலாம்

கொள்முதல் படிவத்தில்
'வலையமைப்புக் கண்காணிப்பு முறைமை' என்று எழுதியிருந்தேன்.
கணக்காளர் புவிராஜசிங்கம்
இரண்டாவது சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிவிட்டார்:
"பிள்ளை, இந்தச் சொல் இந்த ஊரில் வேண்டாம்.
வேறேதும் போடும்."

கொட்பேயில் எங்கள் மீன் குளிரறைக் கம்பனி.
ஆறு சேர்வர், பதினாலு சுவிட்ச்,
மைனஸ் பதினெட்டில் சூரை உறங்கும் நாலு அறை,
கிண்ணியாவில் கிளை, நிலாவெளியில் ஒரு தராசும் கணினியும்.
எல்லாவற்றுக்கும் ஓர் ஆள்.
அது நான்.

ஆடியில் ஒரு சனி இரவு
மூன்றாம் அறையின் பெட்டி பேச்சை நிறுத்தியது.
திங்கள் காலை, கேற்றடியிலேயே
மூக்கால் அறிந்தோம்.
அதற்குப் பிறகுதான் காசு ஒதுக்கினார்கள்.

கொழும்பிலிருந்து வந்தவன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்.
திரையில் பச்சை வட்டங்கள் மெல்ல மூச்சுவிட்டன.
நல்ல வடிவு.
ஒவ்வொரு உணரிக்கும் தனித்தனி விலை;
கூட்டிப் பார்த்தால் ஒரு படகு வாங்கலாம், இயந்திரத்தோடு.

அடுத்தது இலவசம்.
நிறுவி முடிக்க நாலு இரவு போனது.
கோப்பில் ஒரு காற்புள்ளி பிசகினால்
சம்பந்தி வீட்டார் மாதிரி
காரணம் சொல்லாமல் முகம் திருப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, வாய் ஓயாதது.
முதல் இரவே முந்நூற்று நாற்பது செய்தி.
பிரிண்டரில் தாள் இல்லையாம்.
கிண்ணியா மின்கலம் களைத்திருக்கிறதாம்.
மூன்று மணிக்கு ஃபோனை ஊமையாக்கித்
தலையணைக்குக் கீழே போட்டேன்.
அந்நேரம் மூன்றாம் அறை செத்திருந்தாலும்
எனக்குத் தெரிந்திராது.

"கடைசியில் எதுடி நல்லது?" என்றாள் கிளையிலிருந்து நஸ்லிமா.
எதை எடுத்தாலும் அது என்னிடம்தான் கேட்கிறதடி,
எந்த எண்ணில் உன்னை எழுப்ப என்று.

வட்டு நிரம்பினால்? விடிந்தபின் சொல்லு.
உங்கள் இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தால்?
பாலத்தில் காற்று என்று நினைத்துக்கொள், விடு.
பத்து நிமிடம்?
நஸ்லிமாவை எழுப்பு.
(சிரித்தாள். பிறகு உண்மையாகவே எண்ணைத் தந்தாள்.)
மூன்றாம் அறை மைனஸ் பதினைந்தைத் தாண்டி ஏறினால்
அலறு. மகன் எழும்பி அழுதாலும் அலறு.

இரண்டாம் வாரம் மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:
யார் யார் என்ன பக்கம் பார்க்கிறார்கள் என்றும்
காட்டுமாமே?

காட்டும்.
கொழும்புக்காரனுடையதில் அந்தக் கட்டம்
வரும்போதே சரி போட்டு வருகிறது.

எங்கள் ஒழுங்கைக்கும் முன்னொரு காலம் பட்டியல் இருந்தது.
வீட்டில் எத்தனை தலை, நேற்றுத் தங்கியது யார்,
போனவர் ஏன் திரும்பவில்லை.
டோர்ச் வெளிச்சம் முதலில் கொப்பியில் விழும்,
பிறகு முகத்தில்.
அப்பா இன்றைக்கும் பெயரைச் சொல்லும்போது
அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்தே சொல்லுவார்.

இலவசமானதையே எடுத்தேன்.
மலிவுக்காக என்று அறிக்கையில் எழுதினேன்,
அதுவும் பொய்யில்லை.
நான் கையால் எழுதாத எதையும் அது பார்க்காது
என்பதை எழுதவில்லை.

படிவத்தில் அடித்த சொல்லுக்கு மேலே
'பார்த்திருத்தல்' என்று போட்டேன்.
புவிராஜசிங்கம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்:
"ஆருக்காக?"
"மூன்றாம் அறைக்காக, ஐயா."
கையெழுத்து வைத்தார்.

ஐப்பசியில், இரண்டே காலுக்கு,
ஒரே ஒரு செய்தி.
உவர்மலையிலிருந்து ஸ்கூட்டியில் இறங்கினேன்.
உட்துறைமுக வீதியின் நடுவில் மான்கள் படுத்திருந்தன.
ஹோன் அடித்தேன். ஒன்று காதை மட்டும் அசைத்தது.
சுற்றிக்கொண்டு போனேன்.

கதவு இறப்பரில் பனி கட்டி
ஒரு விரல் இடைவெளி.
காவலாளி செனவிரத்னவும் நானும் வெந்நீர் ஊற்றி,
தட்டி, சாத்தி,
கவிழ்த்த மீன்பெட்டியில் குந்தியிருந்து
எண் இறங்குவதைப் பார்த்தோம்.
பதினாலு. வெகுநேரம் பதினாலு.
பிறகு பதினைந்து.
அவர் பிளேன்டீயைப் பாதி பாதியாக ஊற்றினார்.

வெளிச்சம் வந்தபோது
மடியிலிருந்த ஃபோன் துடித்தது:
மூன்றாம் அறை சரியாகிவிட்டது.

தெரியும், என்றேன்.